பகல்நேரக் கோடை முகாம்: வெயிலை நினைத்தால்தான் பயம்

கேள்வி: 8 வயது மகனைக் கோடை முகாமில் சேர்க்கலாமா? வீட்டில் இருந்தால் நள்ளிரவு வரை செல்போன், எழுவதற்கும் சாப்பிடுவதற்கும் நேரம் காலமே இல்லை. ஆனால் வெயிலில் வாடிவிடுவானோ என்று இருக்கிறது.

பதில் 1: தாராளமாகச் சேருங்கள். பள்ளி நாட்களின் ஒழுங்கு விடுமுறையில் கலைந்துவிடும், முகாமின் பெரிய லாபமே அதை மீட்பதுதான். 5 முதல் 17 வயதுக்காரர்கள் தினமும் சராசரியாக 60 நிமிடமாவது நன்றாக ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இவன் வயதுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கமும் தேவை. அட்டவணையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், சில முகாம்களில் காகிதம் வெட்டி ஒட்டுவதும் வரிசையில் நிற்பதும்தான் அதிகம்!

பதில் 2: உச்சிவேளையில் உள்ளே வைக்கிறார்களா, தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் 20 நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீர் குடிக்க வைக்கிறார்களா என்று கேளுங்கள். தலைசுற்றல், குமட்டல் என்றால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பைக் குளிர்விக்கத் தெரிந்த ஆள் அங்கே இருக்க வேண்டும். அப்புறம், நீச்சல் உண்டென்றால் கண்காணிக்கவே தனி ஆள். இதற்கெல்லாம் மழுப்பினால் வேறு இடம் பாருங்கள்.

பதில் 3: பையன் கூச்ச சுபாவமா? அப்படியென்றால் முதலில் அரைநாள் மட்டும் அனுப்பிப் பாருங்கள்.

கேட்டவர்: கூச்சமா, அவனா! சரி, அட்டவணையைக் கேட்கிறேன்.