மறு: பாப்ஓவருக்குத் தமிழில் என்ன சொல்?

வணக்கம் நண்பர்களே,

உலாவிகளில் வந்திருக்கும் புது வசதிகளை முன்முனை நிரலாளர்களுக்காகத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். கன்டெய்னர் குவெரிக்குக் (தாங்கும் பெட்டியின் அளவைப் பார்த்துத் தோற்றத்தை மாற்றுவது) 'கொள்கலன் வினவல்' என்று வைத்துக் கடந்துவிட்டேன். பாப்ஓவரில், அதாவது பொத்தானைத் தொட்டால் பக்கத்தின்மேல் வந்து நிற்கும் சிறு பகுதியில், வண்டி நின்றுவிட்டது. கையில் இருப்பவை: துள்ளுப்பெட்டி, எழுபெட்டி, மிதவை. வெளியே தொட்டாலோ எஸ்கேப் விசையை அழுத்தினாலோ அது மூடிக்கொள்வதற்கு ஆங்கிலத்தில் லைட் டிஸ்மிஸ்; அதற்கு 'இலகு நீக்கம்' என்று போட்டு வைத்திருக்கிறேன். எனக்கே பிடிக்கவில்லை. யோசனை சொல்லுங்கள்.

———

தம்பி, வணக்கம்.

மூன்றையும் கழித்துவிடலாம் என்பேன்.

> மிதவை

இது ஃப்ளோட்டுக்குப் போய்விட்டது. படத்தை ஓரமாக ஒதுக்கி எழுத்தைச் சுற்றி ஓடவிடும் அந்தப் பழைய சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் மொழி) வேலைக்குப் பலரும் மிதவை என்றுதான் எழுதுகிறார்கள். ஒரே பாடத்தில் இரண்டும் வந்தால் படிக்கிறவர் கதி என்ன?

> எழுபெட்டி

ஊறுகாய், சுடுசோறு மாதிரி அழகான வினைத்தொகை. ஆனால் எழுபிறப்பு, எழுகடல் என்று படித்துப் பழகிய கண், ஏழு பெட்டி எங்கே என்று தேடும். அதைவிடப் பெரிய இடைஞ்சல் 'பெட்டி'. பாப்ஓவர் என்பது தனி எச்டிஎம்எல் உறுப்பு இல்லை, உறுப்பின்மேல் எழுதும் ஒரு பண்புக்கூறு. டிவ், பட்டியல், படிவம் என்று எதன்மேலும் ஒட்டலாம். பெட்டி என்று பெயரிலேயே போட்டுவிட்டால் அதற்கென்று ஒரு டேக் இருப்பதாகத்தான் நினைப்பார்கள்.

> துள்ளுப்பெட்டி

துள்ளுவது விளம்பரச் சாளரம். இந்த வசதியை வடிவமைத்த ஓப்பன் யூஐ குழுவே இதை முதலில் பாப்அப் என்றுதான் பேசிக்கொண்டிருந்தது, பிறகுதான் பாப்ஓவர் என்று மாற்றியது. ஆங்கிலத்தில் அவர்கள் பிரித்து வைத்ததை நாம் தமிழில் மறுபடி ஒட்ட வேண்டாம்.

பெயரை விட்டுவிட்டு, அது என்ன செய்கிறது என்று பாருங்கள். ஓர் உறுப்புக்கு ஐடி கொடுத்து, பாப்ஓவர் என்று எழுதுகிறோம். ஒரு பொத்தானில் பாப்ஓவர்டார்கெட் என்று அந்த ஐடியைக் குறிக்கிறோம். ஜாவாஸ்கிரிப்ட் ஒரு வரி கிடையாது. பொத்தானைத் தொட்டால் உறுப்பு பக்கத்தின் எல்லாவற்றுக்கும் மேலே போய் நிற்கும். தாய் உறுப்பில் ஓவர்ஃப்ளோ ஹிடன் (எல்லை மீறுவதை மறைக்கும் விதி) இருந்தாலும் வெட்டுப்படாது. எது எதன்மேல் என்று சொல்லும் இசட்-இண்டெக்ஸில் ஒன்பதுகளை அடுக்கிப் போட்டி போட்ட காலம் இங்கே முடிந்தது. வெளியே எங்காவது தொட்டால் மூடிக்கொள்ளும். எஸ்கேப் விசைக்கும் மூடும். சம்பந்தமில்லாத இன்னொன்றைத் திறந்தாலும் முதலாவது போய்விடும். முன்பு இதற்காக ஆவணம் முழுக்கச் சொடுக்கைக் காது கொடுத்துக் கேட்டு, சொடுக்கு உள்ளேயா வெளியேயா என்று சோதித்து, அது ஐபோனில் மட்டும் சொதப்பி... தெரியும்தானே.

டயலாக் என்ற உறுப்பை ஷோமோடல் என்ற கட்டளையால் திறந்தால் கதை வேறு. பின்னால் உள்ள பக்கம் உறைந்துவிடும். பதில் சொல்லாமல் வேறு எதையும் தொட முடியாது. அதற்கு 'உரையாடல் பெட்டி' இருக்கிறது, இருக்கட்டும். ஆக, பாப்ஓவரின் குணம் அது வருவதில் இல்லை, போவதில் இருக்கிறது. நம் பட்டியலில் உள்ள சொற்கள் எல்லாம் அது எப்படி வருகிறது என்பதையே பிடித்துக்கொண்டு தொங்குகின்றன.

என் முன்மொழிவு: தலைகாட்டி. 'கல்யாணத்துக்கு ஒரு தலைகாட்டிவிட்டு வந்துவிடு' என்கிறோமே, அதேதான். வந்தது தெரிய வேண்டும், அதிக நேரம் உட்காரக் கூடாது. வழிகாட்டி, கைகாட்டி, நாள்காட்டி வரிசையில் வாயிலும் நிற்கும்.

போவதுதான் உயிர் என்பதற்கு உலாவிகளே சாட்சி. குரோம் 114 (2023 மே), சஃபாரி 17 (அதே ஆண்டு செப்டம்பர்), ஃபயர்ஃபாக்ஸ் 125 (2024 ஏப்ரல்) என்று மூன்றிலும் வந்தாயிற்று. ஆனால் ஐபோனில் வெளியே தொட்டால் மூடவில்லை. 2025 ஜனவரியில் சஃபாரி 18.3 அதைச் சரிசெய்த பிறகுதான் எல்லா முக்கிய உலாவிகளிலும் இயங்குபவற்றைப் பட்டியலிடும் பேஸ்லைன் கணக்கில் சேர்த்தார்கள்.

'இலகு நீக்கம்' வேண்டவே வேண்டாம். வலிக்காமல் வேலையை விட்டுத் தூக்குவது போல இருக்கிறது. 'வெளித்தொடு மூடல்' என்று வைக்கலாம். உறுப்பு எல்லாவற்றுக்கும் மேலே போய் நிற்கும் அந்த டாப் லேயருக்கு 'உச்சியடுக்கு'. மேலடுக்கு என்றால் ஓவர்லேயோடு குழம்பும்.

———

ஐயா, நடுவில் நானும் நுழைகிறேன். தலைகாட்டி காதுக்கு இனிமைதான். மூன்று இடங்களில் உதைக்கிறது.

ஒன்று, நீங்கள் விவரித்தது ஆட்டோ என்ற மதிப்பு; பாப்ஓவருக்கு மேனுவல் என்ற மதிப்பும் உண்டு. அப்படிப் போட்டால் வெளியே தொட்டாலும் போகாது, எஸ்கேப்புக்கும் அசையாது. நாமாக மூடும்வரை உட்கார்ந்தே இருக்கும். அதையும் தலைகாட்டி என்பீர்களா? இரண்டு, வெளித்தொடு மூடலில் எஸ்கேப் விசை எங்கே? மூன்று, ஒரு வங்கியின் உள் ஆவணத்தில் 'தலைகாட்டியைத் திற' என்று எழுதிவிட்டு நான் கூட்டத்தில் நிமிர்ந்து உட்கார முடியாது.

———

மூன்றாவதற்கு மருந்து பழக்கம். மவுஸுக்கு வைத்த 'சுட்டி'யைப் பார்த்து எந்த வங்கியும் இப்போது குறும்புக்காரப் பிள்ளையை நினைப்பதில்லை.

இரண்டாவது: இலக்கணம் முழுவதையும் சொல் சுமக்க வேண்டியதில்லை. இணைய நிரலாளர் ரெமி ஷார்ப் பாலிஃபில் என்ற சொல்லைப் பிரிட்டனில் சுவர் விரிசல் அடைக்க விற்கும் பாலிஃபில்லாவிலிருந்து எடுத்தார். உலாவியில் இல்லாத வசதியை நிரலால் இட்டு நிரப்புவது என்ற விளக்கம் அந்தச் சொல்லுக்குள் எங்கே இருக்கிறது? விளக்கம் ஆவணத்தில் இருக்கிறது. (நம் பெயின்டர்கள் 'பட்டி பார்ப்பது' அதே வேலைதான். பட்டியை மெனுவுக்குக் கொடுத்துத் தொலைத்துவிட்டோம்.) வெளியே தொடுவதுதான் பயனர் அதிகம் செய்வது. எஸ்கேப்பை அடுத்த வரியில் எழுதிக்கொள்ளலாம்.

முதலாவது நல்ல கேள்வி. மேனுவல் பெரும்பாலும் 'சேமிக்கப்பட்டது' மாதிரி அறிவிப்புகளுக்குத்தான் பயன்படுகிறது. அதுவும் தலைகாட்டத்தான் வருகிறது, எப்போது கிளம்புவது என்பதை நிரல் சொல்கிறது. 'கைமூடு தலைகாட்டி' என்று அடை சேர்த்தால் போதும். ஆட்டோவைத் 'தானியங்கு' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். சில நொடிகளில் தானாக மறையும் என்று எடுத்துக்கொள்வார்கள். 'தன்மூடு' என்றாலும் அதே கோளாறு. மதிப்பை ஆட்டோ என்றே விட்டுவிடலாம். நிரலில் தட்டச்சு செய்யப்போவது அதைத்தானே.

———

நன்றி ஐயா. பாடத்தில் முதல் முறை 'பாப்ஓவர் எனும் தலைகாட்டி', பிறகு தலைகாட்டி மட்டும் என்று மாற்றிவிட்டேன். வெளித்தொடு மூடலுக்கு எஸ்கேப் அடிக்குறிப்பு சேர்த்தாயிற்று. வங்கி ஆவணத்தில் பாப்ஓவர் என்றே இருக்கட்டும், நண்பர் நிமிர்ந்து உட்காரட்டும்.

அடுத்தது ஆங்கர் பொசிஷனிங். தலைகாட்டியை அதைத் திறந்த பொத்தானை ஒட்டியே நிறுத்துவதற்கு. குரோமில் 125 முதல், சஃபாரியில் 26 முதல் இருக்கிறது. 'நங்கூரம்' என்று எழுதினால் இணைப்புக்கான ஏ உறுப்பும் அதே பெயரில் வந்து முட்டுகிறது. தனி இழை தொடங்குகிறேன்.