வடிவங்களை வெட்டும் கருவிகள்: பஞ்ச் போதுமா, டெம்ப்ளேட் வேண்டுமா, இயந்திரமே வாங்கிவிடலாமா?

தாள்விரும்பி கேட்டது:

வணக்கம் நண்பர்களே. குடும்பப் புகைப்படங்களை ஒட்டி ஒரு தொகுப்பேடு செய்யவும், அதே வேளையில் ஒரே வடிவமைப்பில் ஐம்பது வாழ்த்து அட்டைகள் செய்யவும் திட்டமிட்டிருக்கிறேன். இதுவரை கத்தரிக்கோலும் ஸ்டீல் ஸ்கேலும் கட்டரும் மட்டுமே கையில் இருந்தன. நேர்கோடுகள் நன்றாகவே வருகின்றன. ஆனால் வட்டம், நீள்வட்டம், இதயம், பூ என்று வளைவுகள் வந்துவிட்டால் விளிம்பு சீராக நிற்பதில்லை. அருகில் வைத்துப் பார்த்தால் சிறு சிறு முனைகள் தெரிகின்றன.

கடைகளில் பஞ்ச், வட்டக் கட்டர், டெம்ப்ளேட்டோடு வரும் சுழல்கத்தி, கைப்பிடியைச் சுற்றி இயக்கும் டை (வடிவத்தை வெட்டும் அச்சு) இயந்திரம், கணினியோடு இணையும் மின்னணுக் கட்டர் என்று பல வகை இருக்கின்றன. ஒவ்வொன்றையும் விற்பவர்கள் அது ஒன்றே எல்லா வேலைக்கும் போதும் என்கிறார்கள். என்னுடைய இந்த இரண்டு வேலைகளுக்கும் எதை வாங்குவது, எதை இப்போதைக்கு விட்டுவிடுவது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

வண்ணஅட்டை எழுதியது:

வணக்கம். கருவியிலிருந்து தொடங்காமல் வெட்டப்போகும் வடிவத்திலிருந்து தொடங்குங்கள். ஒரே அளவில் அந்த வடிவம் எத்தனை வேண்டும், தாளின் விளிம்பிலிருந்து எவ்வளவு உள்ளே அது விழ வேண்டும், தாள் எவ்வளவு தடிமன் ஆகிய மூன்றுக்கும் விடை தெரிந்துவிட்டால் பாதிக் கருவிகள் தாமாகவே பட்டியலிலிருந்து விலகிவிடும். உங்கள் இரண்டு வேலைகளும் இந்த வகையில் நேரெதிரானவை. வாழ்த்து அட்டைக்கு ஒரே அளவில் ஐம்பது வேண்டும். தொகுப்பேட்டிலோ ஒவ்வொரு படத்திலும் முகம் இருக்கும் இடமும் அளவும் வேறுபடும் என்பதால், எந்த இரண்டு வெட்டும் ஒன்றாக இருக்காது. இரண்டுக்கும் ஒரே கருவியைத் தேடுவதுதான் குழப்பத்துக்குக் காரணம் என்பது என் கருத்து.

பஞ்ச் என்பது ஓர் அளவு, ஒரு வடிவம், அவ்வளவுதான். ஒன்றரை அங்குல வட்டப் பஞ்ச் வாங்கினால் காலம் முழுவதும் ஒன்றரை அங்குல வட்டமே கிடைக்கும். ஆனால் அந்த ஒன்றை அது மிகச் சுத்தமாகவும் வேகமாகவும் செய்யும், பிளேடைத் தொட வேண்டியதும் இல்லை. அதன் பெரிய குறை வாயின் ஆழம்தான். தாளை வாய்க்குள் எவ்வளவு தூரம் நுழைக்க முடியுமோ அவ்வளவு தூரத்தில்தான் வடிவம் விழும். ஏ4 தாளின் நடுவில் ஒரு சாளரம் வெட்ட நினைத்தால் சாதாரணப் பஞ்ச் எட்டவே எட்டாது. இரண்டு பாதிகளாகப் பிரிந்து, தாளின் இருபுறமும் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் வகைகள் இதற்காகவே வந்தன.

பஞ்சைப் பயன்படுத்தும்போது அதைத் தலைகீழாகத் திருப்பிப் பிடியுங்கள். அப்போது வெட்டும் துளை மேல்நோக்கி இருப்பதால், படத்தின் எந்தப் பகுதி வடிவத்துக்குள் வருகிறது என்பதைக் கண்ணால் பார்த்துச் சரிசெய்த பிறகே அழுத்த முடியும். தடித்த அட்டையை அழுத்தக் கை வலித்தால், பஞ்சை மேசை விளிம்பில் வைக்காமல் மேசையின் நடுவில் வைத்து, எழுந்து நின்று உள்ளங்கையால் உடல் எடையைக் கொடுத்து அழுத்துவது நல்லது.

ஓரிரண்டு வடிவங்களுக்குக் கத்தரிக்கோலே போதும் என்பதையும் மறந்துவிட வேண்டாம். கத்தரியை அசைக்காமல், அதன் நுனியால் வெட்டாமல், உட்பக்க அலகால் வெட்டிக்கொண்டே தாளை மட்டும் திருப்பினால் நீங்கள் சொன்ன முனைகள் பெரும்பாலும் மறைந்துவிடும். வலக்கைப் பழக்கம் உள்ளவர்கள் வட்டத்தைச் சுற்றி இடஞ்சுழியாகச் செல்லும்போது கோடு அலகுக்குப் பின்னால் மறையாமல் கண்ணுக்குத் தெரியும்.

கோடும்வளைவும் எழுதியது:

மேலே நண்பர் சொன்ன பிரிவினை சரியானது. தொகுப்பேட்டு வேலைக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பது, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் டெம்ப்ளேட்டும் சுழல்கத்தியும்தான். ஒரே தகட்டில் ஒன்றுக்குள் ஒன்றாகப் பல அளவுகளில் வட்டமோ நீள்வட்டமோ வெட்டப்பட்டிருக்கும். தகட்டைப் படத்தின் மேல் வைத்து நகர்த்தி, முகம் எங்கே வர வேண்டும் என்பதை வெட்டுவதற்கு முன்பே பார்த்துவிடலாம். படத்துக்கு ஓர் அளவும், அதன் பின்னால் ஒட்டும் வண்ணத்தாளுக்கு அடுத்த பெரிய அளவும் எடுத்துக்கொண்டால் சுற்றிலும் ஒரே அகலத்தில் கரை கிடைக்கும். இந்த வசதியைப் பஞ்சில் பெற இரண்டு பஞ்ச் வாங்க வேண்டும்.

சில தகடுகளில் தடம் முழுச் சுற்றாக முடியாது. தகடு துண்டுதுண்டாகிவிடாமல் இருக்க ஆங்காங்கே சிறு இணைப்புகளை விட்டிருப்பார்கள். அவ்விடங்களில் தாள் வெட்டுப்படாமல் நிற்கும், அதைக் கத்தரியால் நறுக்கிவிட வேண்டும். வாங்கும் முன் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள். அடியில் வைக்கும் விரிப்பும் முக்கியம்: சில வகைக் கத்திகளுக்குச் சற்றே மெத்தென்ற நுரை விரிப்பு தேவை, சிலவற்றுக்கு வழக்கமான பச்சை நிறக் கட்டிங் மேட் போதும். கருவியோடு வரும் குறிப்பில் சொல்லப்பட்ட விரிப்பை மாற்றினால் கத்தி ஒன்று ஆழமாகப் பதிந்து திரும்ப மறுக்கும், அல்லது மேலோட்டமாக வழுக்கிப் போகும்.

வட்டம் மட்டும் போதுமென்றால் வட்டக் கட்டர் இன்னும் எளிது. ஆனால் நடுவில் ஊசி குத்தி நிற்கும் வகையைப் புகைப்படத்துக்கு வாங்காதீர்கள். முகத்தின் நடுவே துளை விழும். அழுத்திப் பிடிக்கும் தட்டையான அடிப்பகுதி உள்ளதைப் பாருங்கள்.

தாள்விரும்பி எழுதியது:

இருவருக்கும் நன்றி. ஒரு நீள்வட்ட டெம்ப்ளேட்டும், இதய வடிவ டெம்ப்ளேட்டும், ஒரு பூப் பஞ்சும் வாங்கிப் பழகிப் பார்த்தேன். முன்பைவிட வளைவுகள் மிக நன்றாக வருகின்றன. ஆனால் மூன்று இடங்களில் தடுமாறுகிறேன். நீள்வட்டத்தைச் சுற்றி வந்து தொடங்கிய இடத்தில் சேரும்போது ஒரு சிறு படி போல விலகி நிற்கிறது. இதயத்தின் கீழ்முனை கூராக வராமல் மழுங்குகிறது. பூப் பஞ்சில் மெல்லிய தாளை வைத்தால் இதழ்களின் நடுவே கிழிந்து, சில வேளை சிக்கிக்கொள்கிறது. கருவிகள் பழுதா, அல்லது நான் பிடிக்கும் முறை சரியில்லையா?

கோடும்வளைவும் எழுதியது:

கருவியில் பழுது இல்லை. முதல் இரண்டு தொல்லைகளுக்கும் காரணம் ஒன்றே. சுழல்கத்தியின் பிளேடு நுனி, அது சுழலும் அச்சுக்கு நேர் கீழே இல்லை. மயிரிழை அளவு பின்தள்ளி அமைந்திருக்கிறது. தள்ளுவண்டியின் சிறு சக்கரம் வண்டி நகரத் தொடங்கிய பிறகே போகும் திசைக்குத் தானாகத் திரும்பிக்கொள்வதைப் போல, பிளேடும் நீங்கள் இழுக்கத் தொடங்கிய பிறகுதான் திசை திரும்புகிறது. ஆகவே முதல் ஓரிரு மில்லிமீட்டரில் அது எந்தப் பக்கம் பார்த்து நின்றதோ அந்தப் பக்கம் ஒரு சிறு கீறல் விழுகிறது, சுற்றி வந்து சேரும்போது அது படியாகத் தெரிகிறது.

இதற்கு வழி எளிது. கத்தியைத் தாளில் ஊன்றும் முன், தகட்டுக்கு வெளியே கழிவுத்தாளின் மேல் போகவேண்டிய திசையில் சற்றே இழுத்து பிளேடைத் திருப்பி வைத்துக்கொள்ளுங்கள். வளைவு கூடிய இடத்தில் தொடங்காமல், நீள்வட்டத்தின் நீண்ட பக்கத்தில் தொடங்குங்கள். முடிக்கும்போது தொடங்கிய புள்ளியோடு நின்றுவிடாமல், அதே தடத்தில் சிறிது தூரம் மேலும் ஓட்டிவிட்டு எடுங்கள். இன்னொன்று, தடத்தின் அகலம் கத்தியைவிட ஒரு நூல் கூடுதலாகவே இருக்கும். தொடக்கத்தில் உள்விளிம்பை ஒட்டிச் சென்றவர் பாதியில் வெளிவிளிம்புக்கு மாறினால் வடிவம் கோணிவிடும். எந்த விளிம்பைத் தேர்ந்தாலும் கடைசிவரை அதையே ஒட்டிச் செல்ல வேண்டும்.

அழுத்தத்தைப் பொறுத்தவரை, கத்தியைச் செங்குத்தாகப் பிடித்து, எழுதுகோலுக்குக் கொடுக்கும் அளவைவிடச் சற்றே கூட்டி அழுத்தினால் போதும். தடித்த தாளில் ஒரே இழுப்பில் அறுக்க முயலாமல், தகட்டை அசைக்காமல் இரண்டாம் முறை ஓட்டுவதே சுத்தமான விளிம்பைத் தரும். தகடு வழுக்கினால் மறுபடி ஒட்டி எடுக்கக்கூடிய டேப்பை மூலைகளில் இடுங்கள்.

இதயத்தின் கூர்முனையை எந்தச் சுழல்கத்தியும் சரியாகத் தராது, ஏனெனில் முனையில் பிளேடு நின்று திரும்ப இடம் தேவைப்படுகிறது, அந்த இடமே மழுங்கலாகத் தெரிகிறது. மேல் வளைவுகளைச் சுழல்கத்தியால் வெட்டி, முனைக்குச் சற்று முன்பே நிறுத்திவிட்டு, மீதியைச் சாதாரணக் கட்டரால் முனையிலிருந்து மேல்நோக்கி இரு பக்கமும் தனித்தனியே இழுத்துவிடுங்கள். நட்சத்திரம் போல மூலைகளே மிகுந்த வடிவத்துக்கு டெம்ப்ளேட்டை விட்டுவிட்டு ஸ்கேலும் கட்டரும் எடுப்பதே நல்லது. கட்டரின் நுனிதான் முதலில் மழுங்கும், மழுங்கிய நுனி தாளை அறுக்காமல் கிழிக்கும். ஜப்பானில் ஒகாடா யோஷியோ 1956இல் உருவாக்கிய உடைத்துக்கொள்ளும் பிளேடு இந்தத் தொல்லைக்கான விடைதான். ஆனால் பலர் அதை வாங்கிவிட்டு, உடைக்க மனம் வராமல் மழுங்கிய நுனியோடே மல்லுக்கட்டுகிறார்கள். தயங்காமல் உடையுங்கள்.

வண்ணஅட்டை எழுதியது:

பஞ்ச் சிக்கலுக்கு நான் பதில் சொல்கிறேன். பஞ்சின் மேல் அலகும் கீழ்த் துளையும் ஒன்றையொன்று உரசிச் செல்லும் இடைவெளியில்தான் வெட்டு நிகழ்கிறது. மெல்லிய தாள் அந்த இடைவெளிக்குள் மடிந்து புகுந்துகொள்வதால் கிழிகிறது. அதனடியில் ஒரு சாதாரண 80 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) தாளைச் சேர்த்து வைத்து இரண்டையும் ஒன்றாக வெட்டிப் பாருங்கள், இதழ்கள் சுத்தமாக வரும். சிக்கிக்கொண்டால் அலகைக் கத்தி முனையால் நெம்ப வேண்டாம். தலைகீழாகத் திருப்பி, லீவரை மெல்ல மேலே தள்ளி விடுவியுங்கள்.

பஞ்ச் இறுகினால் மெழுகுத்தாளைச் சில முறை வெட்டினால் அலகில் மெழுகு படிந்து இலகுவாகும். அலுமினியத் தாளை வெட்டினால் கூர்மையாகும் என்று எங்கும் சொல்வார்கள். விளிம்பில் ஒட்டியிருக்கும் பசையையும் நுண்பிசிறுகளையும் அது ஓரளவு நீக்கும், உண்மையில் தேய்ந்த அலகைத் தீட்டித் தராது. எண்ணெய் மட்டும் விட வேண்டாம், அடுத்து வரும் தாள்களிலெல்லாம் கறை படியும்.

தாளும்அச்சும் எழுதியது:

ஐம்பது வாழ்த்து அட்டைகளைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். அட்டையின் நடுவில் சாளரமும் அதைச் சுற்றி நுண்வேலைப்பாடும் வேண்டுமென்றால், கைப்பிடி டை இயந்திரமே பொருத்தமானது. இரண்டு பிளாஸ்டிக் தகடுகளுக்கு இடையே டையும் தாளும் அடுக்கப்பட்டு, இரு உருளைகளின் அழுத்தத்தில் நகர்ந்து செல்லும்போது வெட்டு முடிந்துவிடும். டைகளில் இரு வகை உண்டு. மெல்லிய உலோக டை நுணுக்கமான வடிவங்களுக்கானது, ஒரு நேரத்தில் ஒரு தாள்தான் வெட்டும். நுரையில் பதித்த எஃகுப் பட்டை டை தடித்ததையும், சில தாள்களை ஒன்றாகவும் வெட்டும், ஆனால் நுண்வடிவம் தராது.

இயந்திரத்தின் வாய் அகலத்தைக் கட்டாயம் அளந்து வாங்குங்கள். 6 அங்குலம் என்றால் 152 மி.மீ.தான்; 210 மி.மீ. அகலமுள்ள ஏ4 தாள் விரித்தபடி அதில் நுழையாது, பாதியாக வெட்டிய ஏ5 நுழையும். தகடுகளில் வெட்டுத்தடம் விழுவது இயல்பு. ஒவ்வொரு முறையும் தகட்டைப் புரட்டிப் போட்டு வந்தால் அது ஒரே பக்கம் வளைந்துபோகாமல் நீண்ட நாள் உழைக்கும். தாள் டையிலேயே ஒட்டிக்கொண்டால் இடையில் மெழுகுத்தாள் ஒன்றைச் செருகுங்கள்.

அட்டை வாங்கும்போது ஜி.எஸ்.எம். குறிப்பிடப்படவில்லை என்றால் கவலை வேண்டாம். பதினாறு ஏ4 தாள்கள் சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர். ஆகவே பதினாறு தாள்களைத் தராசில் வைத்தால் காட்டும் கிராம் எண்ணே அந்தத் தாளின் ஜி.எஸ்.எம். வாழ்த்து அட்டைக்கு 200 முதல் 250 வரை நன்று. பல பஞ்சுகள் 200ஐத் தாண்டினாலே திணறும் என்பதால், சாளரத்தைப் பஞ்சால் வெட்டலாம் என்ற எண்ணத்தை இங்கே விட்டுவிடுங்கள். தாளை வெட்டும் முன் இரு பக்கமும் மெல்ல வளைத்துப் பாருங்கள். எந்த வளைவில் எதிர்ப்பு குறைவோ, அந்த வளைவு மடியும் கோட்டுக்கு இணையாக நார் ஓடுகிறது. அட்டையின் மடிப்பு நாரோடு இணையாக இருந்தால் வெடிக்காமல் மடியும், மெல்லிய தண்டு போன்ற வடிவங்களும் நார்ப் போக்கில் அமைந்தால் எளிதில் முறியாது.

மின்னணுக் கட்டர் இப்போதைக்கு வேண்டாம். சொந்தமாக எழுத்துகளும் வடிவங்களும் வரைந்து வெட்டுவோருக்கு அது பெரிய வரம். ஆனால் ஒட்டும் விரிப்பு, பிளேடு ஆழம், ஒவ்வொரு தாளுக்கும் சோதனை வெட்டு என்று பழகவே நாள் பிடிக்கும், அதிலும் பிளேடு இழுபட்டே திரும்புகிறது.

தாள்விரும்பி எழுதியது:

தடத்தின் ஒரே விளிம்பை ஒட்டிச் சென்றதும் நீள்வட்டத்தில் படி மறைந்துவிட்டது. மிக்க நன்றி. அட்டைகளுக்கு டை இயந்திரம் வைத்திருக்கும் தோழியிடம் கேட்டிருக்கிறேன். கடைசியாக ஒரு சந்தேகம்: பழைய கறுப்பு வெள்ளைப் படங்களையும், எடுத்த உடனே வெளிவரும் இன்ஸ்டன்ட் படங்களையும் இதே டெம்ப்ளேட்டால் வெட்டலாமா?

கோடும்வளைவும் எழுதியது:

இரண்டையும் வெட்ட வேண்டாம். இன்ஸ்டன்ட் படத்தின் அடுக்குகளுக்குள்ளேயே வேதிப்பொருள்கள் அடைபட்டிருக்கின்றன. வெட்டினால் அவை வெளிப்பட்டு அடுக்குகளும் பிரியக்கூடும். பழைய படத்துக்கு வேறு பிரதி இல்லையென்றால், இன்று ஓரத்தில் தேவையற்றதாகத் தோன்றும் வாசற்படியும் கைத்தறிப் புடவையும் பின்னால் அந்தக் காலத்தைப் பற்றிய தகவலாகிவிடும். இரண்டு வகையையும் ஸ்கேன் செய்து, பளபளப்பில்லாத மேட் தாளில் அச்சிட்டு, அந்தப் பிரதியை முகப்புப் பக்கம் மேலிருக்கும்படி வைத்து வெட்டுங்கள். மூலப்படங்களை ஏட்டின் கடைசியில் ஓர் உறைக்குள் வைக்கலாம்.

உடைத்த பிளேடு துண்டுகளைக் குப்பைப் பையில் அப்படியே போடாதீர்கள், மூடியுள்ள ஒரு சிறு டப்பாவில் சேர்த்து, நிறைந்ததும் டேப் சுற்றி அகற்றுங்கள்.