புள்ளலூர் 1780: களத்தில் நின்றும் தோல்வி புரியவில்லை, எங்கே பார்க்க வேண்டும்?

பரங்கிமலைப் பையன்:

வணக்கம். 1780 செப்டம்பர் 10 அன்று ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கர்னல் வில்லியம் பெய்லியின் படையை ஹைதர் அலியும் திப்புவும் சேர்ந்து அழித்த புள்ளலூருக்கு நானும் நண்பனும் வண்டியில் போய்வந்தோம். காஞ்சிபுரத்திலிருந்து வடக்கே சுமார் 15 கிலோமீட்டர். சுற்றிலும் நெல் வயல், பனை, நடுவில் இரண்டு கல்தூண். அவ்வளவுதான். அரை மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டோம்.

எனக்குப் பிடிபடாத விஷயம் இதுதான். பெய்லியிடம் ஏறக்குறைய 3,800 பேர், பீரங்கிகள், போர் பார்த்த அதிகாரிகள். காஞ்சியில் அதே கம்பெனியின் சர் ஹெக்டர் மன்றோ 5,000 பேருக்கு மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பக்சாரில் 1764-ல் ஜெயித்த அதே மன்றோ. இரண்டு படைக்கும் நடுவே ஒரு ராத்திரி நடை தூரம். அப்புறம் எப்படி இப்படி ஒரு தோல்வி? ஹைதரின் குதிரைப்படைதான் காரணம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். அந்த வயல் சேற்றில் என் செருப்பையே பிடுங்க முடியவில்லை, குதிரை எப்படிப் பாய்ந்திருக்கும்? அந்தத் தூண்கள் பெய்லிக்காக வைத்தவையா?

வாணவேடிக்கை:

குதிரை எல்லாம் அப்புறம். மைசூர் ராக்கெட்தான் காரணம். வாணம் வந்து விழுந்து வெடிமருந்து வண்டிகள் பற்றிக்கொண்டன, கதை முடிந்தது. ஸ்ரீரங்கப்பட்டணம் தரியா தௌலத் மாளிகையில் சுவர் முழுக்க இந்தப் போரை வரைந்து வைத்திருக்கிறார்கள். பெய்லி பல்லக்கில் உட்கார்ந்திருப்பார், வண்டி வெடிப்பதும் தெரியும். புள்ளலூருக்குப் போவதைவிட அங்கே போங்கள்.

ஏரிக்கால்:

தம்பி, நான் வரலாற்று ஆசிரியர் இல்லை. உரமும் விதையும் விற்கிறவன். காஞ்சிக்கும் திருவள்ளூருக்கும் நடுவே எனக்குத் தெரியாத வண்டிப்பாதை கிடையாது. அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

நீங்கள் கடைசி இடத்துக்கு முதலில் போய்விட்டீர்கள். பெய்லி புள்ளலூரில் செத்துப்பிழைத்தது நிஜம், ஆனால் தோற்றது அங்கே இல்லை. வடக்கிலிருந்து ஆரம்பியுங்கள், கொசஸ்தலை ஆற்றிலிருந்து. காஞ்சியில் மன்றோவோடு சேரக் குண்டூரிலிருந்து இறங்கிவந்த பெய்லி ஆகஸ்ட் 25 அன்று அந்த ஆற்றின் வடகரைக்கு வந்துவிட்டார். அன்றைக்கே இறங்கிக் கடந்திருக்கலாம். கரையிலேயே கூடாரம் போட்டார். ராத்திரியோடு ராத்திரியாகத் தண்ணீர் ஏறிவிட்டது, செப்டம்பர் முதல் வாரம் வரை அக்கரை போக முடியவில்லை. கோடையில் அந்த ஆற்றைப் பார்க்கிறவன் சிரிப்பான், வெறும் மணல்தான். மழைக்காலத்தில் மேட்டில் பெய்த தண்ணீர் எப்போது வரும் என்று கரையில் இருக்கிறவனுக்கே தெரியாது. அந்தச் சில நாளில் ஹைதருக்கு வேண்டிய அவகாசம் கிடைத்தது. ஆற்காட்டு முற்றுகையை விட்டுவிட்டுக் காஞ்சிப் பக்கம் நகர்ந்து மன்றோவுக்கு எதிரே வந்து நின்றார், மகன் திப்புவைப் பெய்லியின் வழியில் அனுப்பினார்.

அடுத்து பெரம்பாக்கம். செப்டம்பர் 6-ல் திப்பு அங்கே மறித்தார். பெய்லி சமாளித்துவிட்டார், ஆனால் இனி என்னால் வந்து சேர முடியாது, நீங்கள் வாருங்கள் என்று மன்றோவுக்கு எழுதினார். காஞ்சி அங்கிருந்து 14 மைல். மன்றோ வரவில்லை. கர்னல் பிளெட்சரிடம் ஆயிரம் பேரைக் கொடுத்து அனுப்பினார். ஏன் முழுப்படையோடு போகவில்லை? தானியமும் கனத்த பீரங்கிகளும் காஞ்சியில் இருந்தன, விட்டுப் போனால் ஹைதர் வாரிக்கொண்டு போய்விடுவார். எல்லாரும் மன்றோவைக் கோழை என்று திட்டுகிறார்கள். எனக்கு அது அவ்வளவு நியாயமாகப் படவில்லை. சுற்றுவட்டாரத்தில் போய் நெல் கொண்டுவர அவரிடம் ஆள் இருந்தது, அந்த ஆளுக்குக் காவலாகப் போகக் குதிரை இல்லை. கும்பினிக்கு, அதாவது கம்பெனிக்கு, பெயர் சொல்லும்படி குதிரைப்படையே அப்போது இங்கே கிடையாது. ஆக, சோற்று மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டிருந்தார் மனிதர். ஆனால் இணைகிற இடம் காஞ்சிதான் என்று பிடிவாதம் பிடித்தது அவர் தப்பு. பெய்லி அந்த ஆற்றங்கரையிலிருந்து நேரே மெட்ராஸ் பக்கம் போயிருந்தால் இந்தக் கதையே இல்லை.

இப்போது குதிரைக்கு வருகிறேன். புள்ளலூர்ப் பக்கம் ஒருநாள் விதை இறக்கப் போயிருந்தபோது, தூண் இருக்கிற வயலோரம் நின்று சுற்றிப் பார்த்தேன். நான் நல்ல உயரம். இருந்தும் வரப்பு, பனங்கன்று, வேலிமுள், அதற்கு அந்தப் பக்கம் ஏரிக்கரை. அத்தோடு பார்வை முடிந்தது. உழுதுகொண்டிருந்தவர் டிராக்டரை நிறுத்திவிட்டு, “மேலே ஏறிப் பாருங்க சார்” என்றார். மட்கார்டில் உட்கார்ந்ததும் ஊர் மாறிவிட்டது. சாலை தெரிகிறது, அடுத்த ஊர் மரத்தோப்பு தெரிகிறது, சாலையில் போகிற ஷேர் ஆட்டோவின் கூரை தெரிகிறது. குதிரைமேல் இருக்கிறவன் கண் கிட்டத்தட்ட அந்த உயரத்தில்தான் இருக்கும். ஹைதரிடம் அப்படிப்பட்ட கண்கள் ஆயிரக்கணக்கில். பெய்லியின் சிப்பாய்க்கு முன்னால் நடப்பவனின் முதுகு தெரிந்தது.

சேற்றில் எப்படிப் பாய்ந்திருக்கும் என்று கேட்டீர்கள். அன்றைய வெற்றி குதிரை பாய்ந்ததில் இல்லை. காலையில் சதுரமாக நின்ற கும்பினி வரிசைமேல் குதிரைகள் திரும்பத் திரும்ப வந்தன, துப்பாக்கி வரிசை ஒவ்வொரு தடவையும் விரட்டியது. குதிரையின் வேலை அதற்கு முந்தைய இரண்டு வாரமும் நடந்தது, அதுவும் சாலையில். கடிதம் கொண்டுபோகிறவனைப் பிடிப்பது, நெல் வண்டியைத் திருப்புவது, யார் எங்கே இருக்கிறார்கள் என்று மணிக்கொருதரம் ஹைதருக்குச் சொல்வது. பிளெட்சர் தன் வழிகாட்டிகள்மேல் சந்தேகப்பட்டு ராத்திரியில் பாதையை மாற்றினார், அதனால்தான் சிக்காமல் பெய்லியிடம் போய்ச் சேர்ந்தார். அந்தச் சந்தேகம் மன்றோவுக்கும் வந்திருக்க வேண்டும், வரவில்லை. 9-ஆம் தேதி ராத்திரி ஹைதர் தன் பெரும்படையை மன்றோவின் மூக்குக்கு முன்னாலிருந்து கிளப்பிப் பெய்லி வரும் வழிக்குக் கொண்டுபோனார். மன்றோவுக்குத் தெரியவே தெரியாது. எட்டிப் பார்த்துவர நாலு குதிரைக்காரன் இருந்தால் தெரிந்திருக்கும்.

அதே ராத்திரி பெய்லி நடக்க ஆரம்பித்துவிட்டுப் பாதியில் நின்றார், விடியட்டும் என்று. விடிந்தபோது எதிரே திப்பு மட்டும் இல்லை, அப்பாவும் இருந்தார்.

வாணவேடிக்கை நண்பருக்கு: வண்டிகள் வெடித்தது சரி. அது வாணத்தால் என்றும் எழுதியிருக்கிறார்கள், பீரங்கிக் குண்டால் என்றும் எழுதியிருக்கிறார்கள். எதனால் என்றாலும், வெடித்ததும் பெய்லியின் பீரங்கிகளுக்கு மருந்து இல்லை, வரிசை கலைந்தது, அப்போதுதான் குதிரைகள் உள்ளே புகுந்தன. பிளெட்சர் செத்தார். பெய்லி காயத்தோடு சரணடைந்தார், அதற்குப் பிறகும் வெட்டு நிற்கவில்லை. ஹைதரிடம் இருந்த பிரெஞ்சு அதிகாரிகள் குறுக்கே புகுந்து பலரைக் காப்பாற்றினார்கள். பெய்லி 1782-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் சிறையிலேயே இறந்தார். கூடச் சிறைப்பட்ட டேவிட் பெயர்டு என்பவர்தான் 1799-ல் அதே கோட்டைக்குள் படையை நடத்திக்கொண்டு புகுந்தவர்.

தூண்கள் பெய்லிக்கு இல்லை. மறுவருஷம், 1781 ஆகஸ்ட் 27-ல், கும்பினித் தளபதி சர் அயர் கூட் அதே ஊரில் ஹைதரோடு மோதினார். அந்த நாளில் விழுந்த லெப்டினன்ட் கர்னல் ஜார்ஜ் பிரவுன், கேப்டன் ஜேம்ஸ் ஹிஸ்லாப் இருவருக்கும் வைத்தவை அவை. அந்த மண்ணுக்குப் போர் புதுசு இல்லை. பல்லவன் மகேந்திரவர்மன் புள்ளலூரில் எதிரிகளை அழித்ததாகக் காசக்குடிச் செப்பேடு சொல்கிறது. பக்கத்துத் தக்கோலத்தில் 949-ல் யானைமேல் இருந்த இராசாதித்த சோழன் விழுந்தான். வடக்கிலிருந்தோ மேற்கிலிருந்தோ காஞ்சிக்கு வருகிறவன் எல்லாம் இந்த ஏரிகளுக்கு நடுவேதான் புகுந்து வர வேண்டியிருக்கிறது.

பரங்கிமலைப் பையன்:

நன்றி அண்ணா. தூண் விஷயம் சத்தியமாகத் தெரியாது. ஒரே சந்தேகம்: வெடிச்சத்தம் மன்றோவுக்குக் கேட்டிருக்குமே? அவர் கிளம்பினாரா இல்லையா?

ஏரிக்கால்:

கிளம்பினார். 10-ஆம் தேதி காலையில் பீரங்கிச் சத்தம் கேட்டு வடக்கே நடந்தார். சில மைல் தூரம் வரை நெருங்கியும்விட்டார். பெரிய வெடியும் புகையும் தெரிந்தன, பிறகு சத்தம் அடங்கிவிட்டது. ஜெயித்தது யார் என்று அவருக்குப் புரியவில்லை, அதையும் போய்ப் பார்த்துவரக் குதிரை இல்லை. காயம்பட்ட சிப்பாய் ஒருவன் எதிரே வந்து சொன்ன பிறகுதான் தெரிந்தது. காஞ்சிக்குத் திரும்பி, இழுக்க முடியாத பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டுக்கு ஓடினார். எதை வைத்துக்கொண்டு பெய்லியிடம் போக மறுத்தாரோ, அதையே குளத்தில் போட்டுவிட்டார். நான் அவருக்காகப் பேசினதெல்லாம் இந்த இடத்தில் கொஞ்சம் தடுமாறுகிறது, ஒப்புக்கொள்கிறேன்.

மறுபடி போகிறதாக இருந்தால் பெரம்பாக்கத்திலிருந்து புள்ளலூர் வரை வண்டியை ஓரம்கட்டிவிட்டுக் கொஞ்ச தூரமாவது நடங்கள். செருப்பு வேண்டாம், ஷூ போட்டுக்கொள்ளுங்கள்.