காசிமேட்டு வீடு குழு: கம்பத்து மேல ஒரு கழுகு

ஞாயிறு

குமார் – காலை 8:05
(படம்)
மா, நைனா, பாருங்க. பிகானேர் பக்கத்துல ஜோர்பீர்னு ஒரு இடம். செத்த மாடு, ஒட்டகம்லாம் இங்க கொண்டாந்து போடுவாங்க. லீவுன்னு பைக்ல வந்தேன். மண்மேடு, கம்பம், எங்க பார்த்தாலும் கழுகு.

அம்மா – 8:09
இன்னாடா நம்ம ஆர்பர் பருந்து மாதிரியே கீது. நேத்து கூட என் கூடைலேர்ந்து ஒரு சங்கரா தூக்கினு போச்சு

குமார் – 8:11
அது கரும்பருந்துமா, வால் நடுவுல பிளந்திருக்கும். இது ஸ்டெப்பி கழுகு. ரெக்கைய விரிச்சா ஆறடி. வாய பாரு, மஞ்சக் கோடு கண்ணு முடியற வரைக்கும் போவுது. அத வெச்சுதான் அடையாளம் சொல்றாங்க

கலா அத்தை – 8:12
கருடன்னு நெனச்சு கன்னத்துல போட்டுக்கினேன் கண்ணு

குமார் – 8:12
கருடனுக்கு தல வெள்ளையா இருக்கும் அத்தை

திவ்யா – 8:15
மாமா நான் நித்திஷ், அம்மா போன்லேர்ந்து. இது ராஜஸ்தான் கழுகா?

குமார் – 8:18
இல்லடா. ஊரு கஜகஸ்தான், மங்கோலியா, ரஷ்யா. அங்க குளிர் வந்தா கெளம்பி வந்துடும், இமயமலைய தாண்டியே நெறைய வருது. பங்குனி வாக்குல திரும்பிடும். கஜகஸ்தான் கொடில சூரியனுக்கு கீழ ரெக்க விரிச்சினு இருக்கே, அது இதுதான்னு சொல்றாங்க

திவ்யா – 8:19
மேலேர்ந்து டைவ் அடிச்சு புடிக்குமா மாமா

குமார் – 8:24
அப்படியும் புடிக்கும். ஆனா அதுங்க ஊர்ல தரையிலதான் பாதி வேல. அங்க ஸ்டெப்பின்னு சொல்ற புல்வெளில வளை தோண்டி வாழற அணில் உண்டு, மரம் ஏறாது. கழுகு போய் வளை வாசல்ல குந்திக்கும். அசையாது. உள்ள இருக்கறது தலைய நீட்டினா ஒரே எட்டுல புடிச்சிடும். இம்மாம் பெரிய பறவ, நடந்தே வேட்ட ஆடுதுடா. கூடும் தரைலயே கட்டும்.
ஆப்பிரிக்காவுக்குப் போற கூட்டம் மழ பெஞ்சா ஈசல் பொறுக்கித் தின்னும்

அம்மா – 8:26
ஈசலா! எங்க ஆயா வறுத்து பொரியோட குடுக்கும்

குமார் – 8:31
இங்க அந்த அணில் இல்ல, செத்ததுதான் சாப்பாடு. மத்த பறவ கிட்டேர்ந்து புடுங்கவும் புடுங்கும். இப்ப ஒண்ணு விலா எலும்பு மேல ஒரு கால அழுத்தி வெச்சு நரம்ப இழுத்துக்கினு இருந்துது. நாய் கிட்ட வந்துச்சு. பறக்கல. பெடரி முடி சிலிர்த்து, ரெக்கைய பாதி விரிச்சு அப்படியே நின்னுது. நாய்தான் சுத்தினு போச்சு

கலா அத்தை – 8:33
அழுவினத தின்னா ஒடம்புக்கு ஒண்ணும் ஆவாதா

குமார் – 8:37
அழுவினது செரிக்கும் அத்தை. மாட்டுக்குப் போட்ட ஊசிதான் வெஷம். டைக்ளோஃபெனாக்னு வலி மருந்து. பாறு கழுகு கூட்டம் கூட்டமா கிட்னி போய் செத்தது அதாலதான். 2006லயே மாட்டுக்குப் போடக் கூடாதுன்னு தடை பண்ணாங்க. அதுக்கு அப்புறமும் இதே ராஜஸ்தான்ல செத்துக் கெடந்த ஸ்டெப்பி கழுகு ஒடம்புல அந்த மருந்து இருந்துது

நைனா – 8:52
அது குந்திக்கினு கீற கம்பம் கரண்டு லைன் கம்பமா?

குமார் – 8:53
ஆமா நைனா. அதுக்குதான் உங்களுக்கு அனுப்பினேன். 2015லேர்ந்து இது அழியற நெலமைல இருக்கற பறவைங்க பட்டியல்ல இருக்கு. கஜகஸ்தான்ல கண்ணுக்கு எட்டற வரைக்கும் மரம் கெடையாது. குந்தறதுக்கு ஒசரமா இருக்கறது கம்பம்தான். அதுல கரண்டு அடிச்சு நெறைய சாவுது

நைனா – 9:06
நான் முப்பது வருஷம் கம்பம் ஏறினவன். ஒரே கம்பில குந்தற காக்காவுக்கு ஒண்ணும் ஆவாது, கரண்டுக்குப் போக வழி இல்ல. ரெண்டு கம்பியத் தொட்டாலோ, கம்பியோட எர்த் ஆன இரும்பத் தொட்டாலோ முடிஞ்சது. காக்கா சின்னது, தப்பிச்சுக்கும். ஆறடி ரெக்கைக்கு அங்க ஏது எடம்? அது பறக்க விரிக்கும் பாரு, அந்த நேரம்தான் எமன்

நைனா – 9:08
இன்சுலேட்டருக்கு ரெண்டு பக்கமும் கம்பிக்கு உறை மாட்டினா போதும். அங்க மாட்டி கீறானுங்களா பாரு. கீழயே நின்னு பாரு, ஏறாத

குமார் – மாலை 5:40
(படம்)
மூணு கம்பம் பார்த்தேன் நைனா. எதுலயும் உறை இல்ல. மூணாவது கம்பத்தடில இது கெடந்துது

அம்மா – 5:41
ஐயோ, ரெக்க நுனி கருகிக் கீதே

நைனா – 5:44
கம்பத்துல நம்பர் எழுதியிருக்கும். குறிச்சுக்கோ. நாளைக்கு அந்த ஊரு கரண்டு ஆபீஸ்ல எழுதிக் குடு, இந்தப் படத்தையும் வெச்சு