புதுப்பிப்பு: பைலோனைடல் சைனஸ், இரண்டாவது ஆபரேஷனுக்குப் பிறகு

பிட்டப் பிளவில் வந்த சைனஸை (முடி தோலுக்குள் புகுந்து உண்டாகும் சீழ்க்குழி) வெட்டி நேர்நடுவில் தையல் போட்டும் ஒரே வருடத்தில் திரும்ப வந்துவிட்டது, அடுத்து புண்ணைத் திறந்தே விடுவதா, ஃபிளாப் (பக்கத்துத் தோலையும் திசுவையும் நகர்த்தி மூடுவது) செய்வதா என்று முன்பு கேட்டிருந்தேன். ஃபிளாப் செய்துகொண்டேன். இன்றோடு நான்கு மாதம்.

கரிடாகிஸ் முறை என்ற வகை ஃபிளாப். டாக்டர் தாளில் வரைந்து காட்டியபோதுதான் புரிந்தது. நடுக்கோட்டில் தையல் இருந்தால் வியர்வையும் உதிர்ந்த முடியும் அங்கேயே சேரும், தையலும் எளிதில் பிரியும். இதில் தையலை ஒரு பக்கமாகத் தள்ளிப் போட்டு, பிளவின் ஆழத்தையும் குறைத்துவிடுகிறார்கள். திறந்து விட்டால் ஆற வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகுமாம். தினமும் கட்டு மாற்ற வேண்டும்.

முதல் இரண்டு வாரம் கஷ்டம்தான். வடிகுழாயை எடுத்த மறுநாள் தையலின் கீழ்முனை ஒரு நகக்கண் அளவு பிரிந்தது, பயந்துபோனேன். கழுவி, ஒற்றி உலர வைத்ததில் மெல்ல மூடிக்கொண்டது. இப்போது இடப்பக்கம் ஒரு வெளிர்கோடு, சுற்றிலும் கொஞ்சம் மரத்த உணர்வு. வலியில்லாமல் உட்கார முடிகிறது!

அப்புறம், முடி. சைனஸ் மறுபடி வரவே வராது என்று யாரும் உறுதி தர முடியாது. அதனால் அந்த இடத்தில் முடி வளர விடுவதில்லை. முதல் முறை இதை யாரும் சொல்லவில்லை என்பதுதான் என் வருத்தம். ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியவர்கள், தையல் நடுவிலா பக்கத்திலா என்று கட்டாயம் கேட்டுவிடுங்கள்.