கோவலன் என்ற பெயருக்குள் ஏதாவது ஒளிந்திருக்கிறதா?

பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குச் சிலப்பதிகாரம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன், மணிமேகலை என்றால் இடுப்பில் அணியும் மணி கோத்த நகை, சரி, கோவலனுக்கு என்ன பொருள் என்று கேட்டுவிட்டாள். மாட்டிக்கொண்டேன். தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

பதில் 1:
இடையன் என்று பொருள்ணே, கண்ணனுக்கும் அந்தப் பெயர் உண்டு. வேடிக்கை என்னவென்றால் பூம்புகார் வணிகர் வீட்டுப் பிள்ளைக்கு இந்தப் பெயர், ஆனால் அவன் மதுரைக்கு வந்து கடைசியாகச் சாப்பிடுவது ஆயர்குல மாதரி கொடுத்த அடைக்கலத்தில், கண்ணகி கையால். அவன் சாப்பிடுவதைப் பார்த்து மாதரியும் அவள் மகள் ஐயையும் யசோதை பெற்ற கண்ணனோ இவன் என்று வியக்கிறார்கள். பெயரை வைத்தே இளங்கோ விளையாடியிருக்கிறார் என்றுதான் நான் நினைக்கிறேன். அதற்கப்புறம் சிலம்பு விற்கப் போனவன் திரும்பவில்லை.

பதில் 2:
மணிமேகலை நகை மட்டும் இல்லை தம்பி, கடல் தெய்வத்தின் பெயர். கோவலனின் முன்னோர் ஒருவரைக் கப்பல் உடைந்தபோது காப்பாற்றிய தெய்வம், அந்த நன்றிக்குத்தான் மகளுக்கு வைத்தான். மாதவி என்பது குருக்கத்திக் கொடி. மதுரைக்குப் பக்கத்தில் கடச்சனேந்தல் என்ற ஊர்ப் பக்கம் போனால் ஊர்ப் பெயருக்கே சிலம்புக் கதை சொல்வார்கள், அதை நம்புவது உங்கள் பாடு.

கேட்டவர்:
நன்றிண்ணே, நாளைக்கே சொல்லிவிடுகிறேன். அடுத்து கண்ணகிக்கு என்ன என்பாள்!