டயாப்ளோ 2 ஹெல்: பனி சோர்சரஸ் ஆக்ட் 2-இல் நகரவே மாட்டேங்குது, உதவி தேவை

மின்மினி07
நண்பர்களே, டயாப்ளோ 2 ரிசரெக்டெட் வீடியோ கேம், ஆஃப்லைன். ப்ளிஸார்ட்ங்கிற பனிப்புயல் மந்திரத்தை நம்பி ஆடுற சோர்சரஸ் (மந்திரக்காரி), லெவல் 74. ரெண்டாவது கடின நிலையான நைட்மேர் வரை தடையே இல்லை. கடைசிக் கடின நிலையான ஹெல்லில் ஆக்ட் 2 (ரெண்டாம் பகுதி) பாலைவனத்தில் மாட்டிக்கிட்டேன். குளிர் இம்யூன்னு (குளிர் அடி ஏறாது) பேருக்குக் கீழே வர்ற கூட்டத்தைக் கீறக்கூட முடியலை. அதைவிட மோசம் அந்த வண்டுகள். ப்ளிஸார்ட் விழுந்த மறுநொடியே அதுங்க உடம்பிலிருந்து மின்பொறி நாலாபக்கமும் சிதறுது, நான் காலி. ரெசிஸ்ட் (அடியைத் தாங்குற சதவீதம்): நெருப்பு -38, குளிர் 20, மின்னல் -52, விஷம் -60. கையில் ஐஸ் ஸ்கில் கூட்டுற ஸ்டாஃப் (மந்திரக்கோல்). டேமேஜ் ஏத்தணுமா, பில்டையே (ஸ்கில் தேர்வையே) மாத்தணுமா?

கல்தூண்
ரெண்டும் வேண்டாம் நண்பா, முதல்ல ரெசிஸ்ட். மின்னல் -52-ல 100 அடி வந்தா 152 வாங்குறீங்க. உச்சவரம்பு 75-க்குப் போனா அதே அடி 25 தான். உயிர் பாயின்ட் எவ்வளவு போட்டாலும் இந்த வித்தியாசம் வராது. ஹெல்லில் எல்லா ரெசிஸ்ட்டிலும் 100 கழியும், நைட்மேரில் வெறும் 40. அதனாலதான் அங்கே தெரியலை.

ஸ்டாஃபை இறக்கிடுங்க. ரெண்டு கையும் அதுக்கே போகுது, ஷீல்டுக்கு இடமே இல்லை. ஆக்ட் 5-இல் 15 வீரர்களை மீட்டா குவால்-கெக்ங்கிற கதாபாத்திரம் டால், ரால், ஓர்ட் மூணு ரூனும் (மந்திரக் கற்கள்) தருவார். 3 சாக்கெட் (கல் பதிக்கிற துளை) உள்ள சாதா ஷீல்டில் ரால், ஓர்ட், டால்னு இதே வரிசையில் போட்டா ஏன்ஷியன்ட்ஸ் ப்ளெட்ஜ்ங்கிற ரூன்வேர்ட் (ரூன் கூட்டு) கிடைக்கும். குளிர் 43, மத்த மூணும் 48 ஏறும். நீல நிற மேஜிக் ஷீல்டில் ரூன்வேர்ட் உருவாகாது, கவனம்.

ஆக்ட் 5-இல் அன்யாங்கிற பெண்ணை மீட்டீங்களா? அதுக்கு மாலாங்கிற கதாபாத்திரம் தர்ற சுருளை ரைட் கிளிக் பண்ணிப் படிச்சாத்தான் எல்லா ரெசிஸ்ட்டும் நிரந்தரமா 10 ஏறும். ஒவ்வொரு டிஃபிகல்ட்டியிலும் தனித்தனியா கிடைக்கும்.

நிழல்வாள்
ரெசிஸ்ட் சரி, ஆனா இம்யூனுக்கு என்ன பதில்? ஆக்ட் 1-இல் இருக்கிற அகாரா கிட்ட ஸ்கில் ரீசெட் வாங்கி, நெருப்பு மந்திரமான ஃபயர்பாலைச் சேர்த்துக்கோங்க. ஒண்ணு எடுபடலைன்னா இன்னொண்ணு எடுபடும்.

கல்தூண்
முழு விளையாட்டையும் ஓட்டி முடிக்கணும்னா நிழல்வாள் சொல்றது நல்ல வழி. பொருள் சேர்க்கத்தான்னா நான் ப்ளிஸார்டைக் கலைக்கவே மாட்டேன். ஐஸ் போல்ட், ஐஸ் ப்ளாஸ்ட், க்ளேஷியல் ஸ்பைக் மூணும் அதுக்கு சினர்ஜி, அதாவது அதுங்கள்ல போடுற பாயின்ட்டும் ப்ளிஸார்ட் அடியைக் கூட்டும். பாயின்ட்டைப் பிரிச்சா ரெண்டு பக்கமும் மெலிஞ்சிடும். இம்யூன் கூட்டத்தைப் பார்த்தா டெலிபோர்ட் பண்ணித் தாண்டிடுங்க. எதிரி உயிரைக் குறைக்கிற ஸ்டாட்டிக் ஃபீல்ட் மந்திரமும் ஹெல்லில் பாதி உயிர் வரைதான் குறைக்கும், அதை நம்பி நிக்காதீங்க.

மின்மினி07
நைட்மேரில் அன்யாவை மீட்கிறதும், சாக்கெட் போட்டுத் தர்ற லார்ஸுக்கோட வெகுமதியும் பாக்கி இருக்கு. ரூன்கள் ஸ்டாஷிலேயே கிடக்கு. எந்த ஷீல்டு எடுக்கட்டும்?

நிழல்வாள்
கைட் ஷீல்ட். ஸ்ட்ரெங்த் 47 போதும், லார்ஸுக் கிட்ட கொடுத்தா 3 சாக்கெட் வரும். இப்போதைக்கு ஸ்டாஃபுக்குப் பதிலா ஸ்கில் கூட்டுற ஆர்ப் (ஒரு கையில் பிடிக்கிற மந்திரக் கோளம்) எதுன்னாலும் சரி. அப்புறம் 4 சாக்கெட் கிரிஸ்டல் சோர்டில் டால், துல், ஓர்ட், ஆம்ன் போட்டு ஸ்பிரிட் ரூன்வேர்ட் செஞ்சுக்கோங்க. எல்லா ஸ்கில்லும் 2 கூடும், காஸ்ட் வேகம் (மந்திரம் போடுற வேகம்) 25-லிருந்து 35 வரை கிடைக்கும். வாளில் போட்டா ரெசிஸ்ட் வராது, ஷீல்டில் போட்டாத்தான் வரும். ஆனா அதுக்கு மோனார்க் ஷீல்ட் வேணும், ஸ்ட்ரெங்த் 156.

மின்மினி07
அன்யா முடிஞ்சது, சுருள் படிச்சாச்சு, ப்ளெட்ஜ் போட்டாச்சு. ஹெல்மெட்டில் இருந்த சாக்கெட்டில் ஒரு ஓர்ட். மின்னல் 36-க்கு வந்திடுச்சு, குளிர் 73, நெருப்பு 20. வண்டுக் கூட்டத்தில் நின்னு மருந்து குடிக்க அவகாசம் கிடைக்குது! மனசார நன்றி ரெண்டு பேருக்கும். இனி எங்கே போய்ப் பொருள் சேர்க்கட்டும்?

கல்தூண்
முதல்ல நைட்மேரில் ஆக்ட் 3 பாஸ் மெஃபிஸ்டோ. வைப்பர்மேகி கவசம் அங்கே விழும்: ஸ்கில் 1, காஸ்ட் வேகம் 30, எல்லா ரெசிஸ்ட்டும் 20-லிருந்து 35. அது வந்ததும் ஹெல் லாஸ்ட் சிட்டி வேபாயின்ட்டிலிருந்து (பயண மேடை) ஏன்ஷியன்ட் டன்னல்ஸ். ஏரியா லெவல் 85, குளிர் இம்யூன் அங்கே இயல்பா கிடையாது. சில பாஸ் மட்டும் அப்படி வரும், விட்டுட்டுப் போயிடுங்க. கடைசியில் மினுமினுக்கிற பெட்டி இருக்கும், திறக்காம வெளியே வராதீங்க.